மிர் நிலையத்தைத் தேடி மாஸ்கோவில் ஐந்து நாள்

முதல் நாள்

நேற்று நள்ளிரவு மாஸ்கோ வந்து சேர்ந்தேன். தம்பி மகன் இங்கே மருத்துவம் படிக்கிறான், மூன்றாம் ஆண்டு. விமான நிலைய வாசலில் கையில் ஒரு தடித்த கோட்டோடு நின்றிருந்தான். "அத்தை, முதல்ல இதைப் போடுங்க, அப்புறம் பேசலாம்" என்றான். அக்டோபர் கடைசி. தூத்துக்குடியில் மழை பெய்தாலே ஸ்வெட்டர் தேடுகிற ஆள் நான். இங்கே மூச்சு விட்டால் புகை மாதிரி வருகிறது.

வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து இந்த நாட்டில் வேலை செய்வதில்லை. செலவுக்கு வேண்டியதை ரொக்கமாகக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் இங்கே வந்தேன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் ஆட்கள் ரஷ்யா என்றால் செஞ்சதுக்கம், பனி, சர்க்கஸ் என்று போவார்கள். நான் வந்தது மிர் விண்வெளி நிலையத்துக்காக. மிர் இப்போது இல்லை, 2001 மார்ச் 23 அன்று பசிபிக் கடலில் விழவைத்துவிட்டார்கள். ஆனால் அதன் மாதிரிகள் இங்கே இருக்கின்றன. 1997இல் அந்த நிலையத்தில் இருந்தவர்கள் எப்படிப்பட்ட இடத்தில் அத்தனை மாதங்களைக் கழித்தார்கள் என்பதை ஒரு தடவையாவது உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மனதில் கிடந்தது.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். 2024 ஜனவரியில் அவருடைய கப்பல் செங்கடல் வழியாகப் போனது. யேமனின் ஹூத்தி கிளர்ச்சிக்காரர்கள் கப்பல்கள் மேல் டிரோனும் ஏவுகணையும் விட்டுக்கொண்டிருந்த சமயம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2023 நவம்பர் 19இல், கேலக்ஸி லீடர் என்ற கப்பலில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து 25 மாலுமிகளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்திருந்தோம். எத்தனையோ கம்பெனிகள் கப்பல்களை ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்பின. அவருடைய கப்பல் சுற்றிப் போகவில்லை. "ரெண்டு நாள் பேச முடியாது, பயப்படாதே" என்று ஒரு மெசேஜ். இரண்டு நாள் மூன்றரை நாளானது. மூன்றரை நாள் கழித்து அவர் குரலைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் ஒரு மெசேஜ்கூடப் போடலை?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நெட் இல்லை" என்றார். அந்த மூன்றரை நாளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறந்ததில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த இரவுகளில் தூக்கம் வராமல் போனில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மிர் தீ விபத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டேன். ஆறு பேர், தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதைவிடக் கிட்டத்தில் இருந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் போய் உதவ முடியாது.

இரண்டாம் நாள்

வேதேன்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் தலையை முழுக்கப் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும், டைட்டானியத் தகடு போர்த்திய 107 மீட்டர் உயர நினைவுச்சின்னம், உச்சியில் ஒரு ராக்கெட். 1964இல் கட்டியது. அதன் அடியில்தான் விண்வெளி அருங்காட்சியகம். பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்களையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 1960இல் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக மிர் மாதிரிக்குப் போனேன்.

உள்ளே நுழைய முடிகிறது. முதலில் தோன்றியது, இது எங்கள் ஊர் மினி பஸ் மாதிரி இருக்கிறதே என்பதுதான். நிலையத்தின் மையப் பகுதி 13 மீட்டர் நீளம், அகலமான இடத்தில் சுமார் நாலு மீட்டர் குறுக்களவு. அதிலும் சுவர் முழுக்கக் கருவிகளும் பெட்டிகளும், நடமாட மிச்சம் இருப்பது ஒரு சந்து. நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. இரண்டு பக்கமும் ஆள் நின்றபடி தூங்குகிற அலமாரி மாதிரி இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஜன்னல். எடையில்லாத இடத்தில் நிற்பதும் படுப்பதும் ஒன்றுதானே. தம்பி மகன் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஹாஸ்டல் ரூம் பரவாயில்ல அத்தை" என்றான்.

1997 பிப்ரவரி 23. அன்று இந்த இடத்தில் ஆறு பேர். வலேரி கோர்சுன், அலெக்சாந்தர் கலேரி இருவரும் வேலை முடிந்து கிளம்பப் போகிறவர்கள். அவர்களிடமிருந்து பொறுப்பை வாங்க வந்தவர்கள் வசிலி சிப்லியெவ், அலெக்சாந்தர் லாசுட்கின். கூடவே ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் ஈவால்ட், அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஜெர்ரி லினெஞ்சர். மூன்று பேருக்கான இடத்தில் ஆறு பேர் மூச்சு விடுவதால், தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் தரும் இயந்திரம் போதாது. அதனால் ஒரு ரசாயனக் குடுவையைச் சூடேற்றிப் பற்ற வைப்பார்கள். ஒரு குடுவை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கான ஆக்சிஜனைத் தரும். தினம் செய்கிற வேலை, நம் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கிற மாதிரி. அன்று லாசுட்கின் பற்ற வைத்த குடுவை வெடித்துத் தீயாகப் பீறிட்டது.

அந்தத் தீயைப் போர்வை போட்டோ நுரை அடித்தோ மூச்சுமுட்ட வைக்க முடியாது, ஏனென்றால் எரிகிற பொருளே ஆக்சிஜனைத் தந்துகொண்டிருக்கிறது. எரிந்த இடம் க்வாண்ட் என்ற பகுதி. அதற்கு அந்தப் பக்கம்தான் தப்பிக்கும் சோயுஸ் கலங்களில் ஒன்று நின்றது. ஒரு கலத்தில் மூன்று பேர்தான் போக முடியும். ஆக, தீ அணையாவிட்டால் ஆறில் மூன்று பேருக்குத்தான் வழி. கண்ணெதிரே விரலை நீட்டினால் தெரியாத அளவுக்குப் புகை. சிலருக்கு முகமூடி வேலை செய்யவில்லை. சுவரில் இருந்த தீயணைப்பான்களில் சில பிடுங்க வராமல் மாட்டிக்கொண்டன. கோர்சுன் தீக்கு முன்னால் நின்று அடிக்க, எடையில்லாததால் பின்னால் தள்ளப்பட்டுவிடாமல் லினெஞ்சர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன். அவர் காலை இவர் பிடித்துக்கொண்ட இடம் எங்கே இருந்திருக்கும் என்று.

அணைந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தீ ஒன்றரை நிமிடம் எரிந்தது என்று தரையிலிருந்து அறிவித்தார்கள். லினெஞ்சர் 14 நிமிடம் என்றார். எது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளே நின்றவன் சொல்வதற்கும் கீழே எழுதி வைப்பதற்கும் இத்தனை தூரம் இருந்தால் மேலே இருப்பவன் மனசு என்ன ஆகும்? அன்றைய மிர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற நிலையம் இல்லை. ரஷ்யத் தரை நிலையங்களின் மேலே பறக்கும்போது சில நிமிடங்கள் பேசலாம், பிறகு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். சிப்லியெவ், லாசுட்கின், லினெஞ்சர் மட்டும் மிச்சம். ஆக்சிஜன் இயந்திரம் பழுதாகிக்கொண்டே இருந்தது, அதனால் அதே வகைக் குடுவைகளை மறுபடி பற்ற வைக்க வேண்டியிருந்தது. இதை நினைத்துப் பாருங்கள். வேறு வழியில்லை, பற்ற வைத்தால்தான் மூச்சு. குளிர்விக்கும் குழாய்களில் ஓட்டை விழுந்து கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம் காற்றில் கசிந்தது, உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனது. குழாயின் எந்த மூலையில் ஓட்டை என்று பெட்டிகளுக்குப் பின்னால் தலையை விட்டுத் தேடுவதே வாரக்கணக்கான வேலை.

லினெஞ்சர் அப்போது ஊரில் இருந்த தன் சின்ன மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாத வயசு. யாருக்காவது தினமும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பதில் வராவிட்டாலும்.

மூன்றாம் நாள்

காலையில் பனித்தூறல். மதியம் வரை வெளியே போகவில்லை. தம்பி மகனுக்கு வகுப்பு. நான் அவன் அறையில் ரசம் வைத்தேன், புளி கொண்டு வந்திருந்தேன். பக்கத்து அறைகளிலிருந்து நாலு பையன்கள் வந்துவிட்டார்கள், ஒருவன் திருநெல்வேலி, ஒருவன் கேரளா. பாத்திரம் காலி.

சாயங்காலம் மருத்துவ உயிரியல் சிக்கல்களுக்கான ஆய்வு நிறுவனத்தை வெளியே நின்று பார்த்தோம். மார்ஸ்-500 சோதனை நடந்த இடம். 2010 ஜூன் 3 முதல் 2011 நவம்பர் 4 வரை ஆறு பேரை ஜன்னலில்லாத அறைகளில் 520 நாள் அடைத்து வைத்து, செவ்வாய்க்குப் போய் வருவது போல வாழவைத்தார்கள். மூன்று ரஷ்யர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு இத்தாலியர், ஒரு சீனர். வெளியே பேசினால் பதில் வரப் பல நிமிடம் ஆகும்படி வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். நாளாக ஆக அவர்கள் அசைவது குறைந்து, தூக்கமும் ஓய்வும் கூடியது என்று பிறகு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. ஒருவருக்கு ஒரு நாள் என்பது 25 மணி நேரமாகவே மாறிப்போனது, மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார்.

பெரிய சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்கோ இருக்கிறது என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும். உடம்புக்கு முடியாமல் போனால் கதவு திறக்கும். தனிமையை ஒரு கட்டடத்துக்குள் செய்துவிடலாம், பயத்தைச் செய்ய முடியாது. நாளை போகிற இடத்தைப் பற்றி நினைத்ததால் இப்படித் தோன்றியதோ என்னவோ.

நான்காம் நாள்

நட்சத்திர நகரம், விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுக்கிற ஊர். வெளிநாட்டவர் நினைத்த உடனே போக முடியாது, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் பல வாரம் முன்பே எழுதிப் போட்டிருந்தோம். யாரோஸ்லாவ்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து மின்சார ரயில், சுற்றிலும் பைன், பிர்ச் மரங்கள், சியோல்கோவ்ஸ்கயா என்ற சின்ன நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். உள்ளே ககாரின் சிலை இருக்கிறது, ஒரு கையைப் பின்னால் மறைத்து அதில் ஒரு டெய்சிப் பூவைப் பிடித்துக்கொண்டு. முன்னால் நின்று பார்த்தால் பூ தெரியாது.

நம் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11இல் போவதற்கு முன் பயிற்சி எடுத்தது இங்கேதான். ககன்யான் வீரர்கள் நாலு பேரும் 2020 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக்கு மேல் இங்கே இருந்தார்கள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்கள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கொரோனா ஊரடங்கு. அந்த மர வரிசைகளைப் பார்க்கும்போது அவர்களை நினைத்துக்கொண்டேன்.

18 மீட்டர் கை கொண்ட சுழல் இயந்திரம், 12 மீட்டர் ஆழத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டினார்கள். மிர் பயிற்சிக் கூடத்துக்கு வந்ததும் நான் தம்பி மகனிடம், "நான் கேக்கிறதை அவங்ககிட்ட ஒழுங்கா கேளுடா" என்று சொன்னேன். வழிகாட்டி ஒரு வயதான அம்மா. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று இரண்டு கைப்பிடிகள். ஒன்று கலத்தை நகர்த்தும், மற்றது திருப்பும். எதிரே ஒரு சின்னத் திரை. சரக்குக் கலம் தானாக வந்து சேராவிட்டால் நிலையத்துக்குள்ளிருந்தே ஓட்டிச் சேர்க்க இந்த ஏற்பாடு.

1997 ஜூன் 25 அன்று சிப்லியெவ் முன்னால் இருந்ததும் இப்படித்தான். மே மாதம் லினெஞ்சர் போய் மைக்கேல் ஃபோல் வந்திருந்தார். பழைய சரக்குக் கலமான புரோக்ரஸ் எம்-34ஐத் தூரத்திலிருந்து ஓட்டி வந்து சேர்த்துப் பார்க்கச் சொல்லித் தரையிலிருந்து உத்தரவு, ஒரு சோதனை. சுமார் ஏழு டன் எடை. அதன் தூரத்தையும் வேகத்தையும் காட்டுகிற ராடார், திரையில் வரும் படத்தைக் கெடுக்கிறது என்று நினைத்து அணைத்து வைத்திருந்தார்கள். திரையில் தெரிவது கீழே ஓடும் மேகம், அதன் நடுவே ஒரு புள்ளி மாதிரி நிலையம். லாசுட்கினும் ஃபோலும் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கலம் எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள். கண்ணில் பட்டபோது நேரம் கடந்துவிட்டது. ஸ்பெக்டர் என்ற பகுதியின் சூரியத் தகட்டில் மோதி, உடம்பிலும் இடித்து ஓட்டை போட்டது. காற்றழுத்தம் குறைகிற சங்கு அடித்தது, காதுக்குள் அடைக்கிறது.

ஸ்பெக்டர் கதவை மூடினால் பிழைக்கலாம். ஆனால் கதவு வழியாகப் பதினெட்டு கேபிள்கள் போகின்றன. லாசுட்கினும் ஃபோலும் அவற்றைக் கழற்றினார்கள், கழறாததைக் கத்தியால் அறுத்தார்கள். மூடுகிற தகடு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். உள்ளே இருந்து வெளியேறுகிற காற்றே அதை இழுத்து இறுக்கிக்கொண்டது. ஃபோல் தூங்குகிற இடம் அந்த ஸ்பெக்டர்தான். அவருடைய துணி, சாமான்களெல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்குக் கிட்ட ஸ்பெக்டர் தகடுகளிலிருந்துதான் வந்தது. அது போனது, நிலையம் மெல்லச் சுழல ஆரம்பித்து மிச்சத் தகடுகளும் சூரியனைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது, மின்விசிறிகள் நின்றன. எடையில்லாத இடத்தில் விசிறி நின்றால் நாம் விடுகிற மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கிவிடும், தூங்கினால் ஆபத்து. இருட்டில் ஃபோல் ஜன்னலில் கட்டைவிரலை நீட்டி, நட்சத்திரங்கள் நகர்வதைப் பார்த்து நிலையம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கணக்குப் போட்டார். அதைத் தரைக்குச் சொல்லி, பிறகு சோயுஸ் கலத்தின் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கிச் சூரியன் பக்கம் திருப்பினார்கள்.

நான் வழிகாட்டியிடம் கேட்டது இதைத்தான்: அவர்கள் திரும்பி வந்தபோது இங்கே எப்படி வரவேற்றார்கள்? அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தம்பி மகன் இரண்டாம் முறை கேட்டான். "எல்லாரும் கேள்வி கேட்டார்கள்" என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். ஜூலையில் சிப்லியெவின் இதயத் துடிப்பில் ஒழுங்கு தவறியது, பழுது பார்க்க ஸ்பெக்டருக்குள் போக அவரை அனுமதிக்கவில்லை. சில நாளில் தவறான ஒரு கேபிள் கழற்றப்பட்டு நிலையம் மறுபடி இருட்டானது. பூமியில் பத்திரிகைகளும் அதிகாரிகளும் 'மனிதத் தவறு' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் இன்னும் மேலே இருக்கும்போதே. தூங்காமல் ஈரத்திலும் சூட்டிலும் ஐந்து மாதம் இருந்த ஒருவரிடம், ராடார் இல்லாமல் ஓட்டச் சொன்னது யார் என்பதை விட்டுவிட்டு, நீ ஏன் மோதினாய் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 14 அன்று கஜகஸ்தானில் இறங்கும்போது, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் எரிந்து வேகத்தைக் குறைக்க வேண்டிய இன்ஜின்களும் அந்த நேரத்தில் எரியவில்லை, பலமாக மோதித்தான் இறங்கினார்கள். சிப்லியெவ் பிற்பாடு, 2003இல், இதே பயிற்சி மையத்துக்குத் தலைவரானார். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். அத்தனைக்கும் நடுவே ஃபோல் ஒரு சின்னப் பெட்டியில் கடுகு இனச் செடி வளர்த்துக்கொண்டிருந்தார். தேனீ கிடையாது, அதனால் மகரந்தத்தைக் கையால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். அது காய்த்து, அந்த விதையை மறுபடி விண்வெளியிலேயே விதைத்து முளைக்க வைத்தார். ரயிலில் திரும்பும்போது தம்பி மகனிடம் மோதலைப் பற்றிப் பேசவில்லை, இந்தக் கடுகைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள்

நாளை காலை விமானம். பெட்டி கட்டிவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே இரண்டு மணி, ஆனால் அவர் தூங்கியிருக்க மாட்டார், லீவில் வந்தாலும் கப்பலில் முறைவைத்து வாட்ச் டியூட்டி பார்த்த பழக்கம் போவதில்லை. பதினெட்டுக் கேபிள் கதையைச் சொன்னேன். "கத்தியாலயா அறுத்தாங்க? அதுல கரண்ட் இருந்திருக்குமே" என்று உடனே கேட்டார். இருந்தது, சில அறுக்கும்போது பொறி பறந்தது என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அப்புறம் அவராகவே, "எங்களை இன்ஜின் ரூம்ல ஆளைக் குறைக்கச் சொன்னாங்க. குறைச்சா யாரு பாக்கிறது?" என்று ஆரம்பித்தார்.

நான் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதும் இல்லை, அது அவருடையது, அவரோடு இருந்த மற்றவர்களுடையது. ஒன்றரை மணி நேரம் பேசினார். போனை வைக்கும்போது தம்பி மகன் பக்கத்துக் கட்டிலில் சட்டையோடு தூங்கிவிட்டிருந்தான், ஜன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது, தூத்துக்குடியில் மணி மூன்றரை.